நன்னாரியை வழிமொழிய ஆளில்லை

எங்கள் நாவலடிக்குளத்தில் பதவி இல்லாத மனிதனாக இருந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், முள்ளியவளைக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே கடந்துபோகிற சின்ன ஊர் இது. அதற்குள் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம், ஒரு மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மரண சகாய சங்கம், விளையாட்டுக் கழகம். தண்ணீரே வராத குழாய்களுக்கு ஒரு குடிநீர்ப் பாவனையாளர் சங்கமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், ஆலோசனை சொல்லப் போசகர். ஊரில் ஆட்கள் குறைவு, பதவிக் கதிரைகள் அதிகம். ஆனபடியால் நடக்க முடிந்த எல்லோருக்கும் ஒரு பதவி, சிலருக்கு மூன்று. நடக்க முடியாதவர்கள் போசகர்.

இந்த வியாதி போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தோடு வந்தது. தறப்பாள் கொட்டிலுக்குள் நாங்கள் இருந்த காலத்தில் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரும். இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களோ?" என்று அல்ல, "சங்கம் இருக்கோ?" என்றுதான். சங்கம் இருந்தால் தகரம், சங்கம் இருந்தால் மண்வெட்டி, இரண்டு சங்கம் இருந்தால் தண்ணீர் மோட்டர். மலசலகூடம் கட்டுவதற்கு முன்பே நாங்கள் சங்கத்துக்குச் சட்டதிட்டம் சொல்கிற யாப்பை எழுதி முடித்துவிட்டோம். வாகனங்கள் பிறகு வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. சங்கங்கள் மட்டும் போகவில்லை.

எனக்கு ஏன் பதவி கிடைக்கவில்லை என்றால், அதற்கும் ஒரு காரணம் உண்டு. என் அப்பா எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர். இங்கே காட்டை வெட்டி, கட்டை பிடுங்கி, வயலாக்கியவர். நான் பிறந்ததே இந்தக் குளக்கட்டடியில்தான். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஐயாத்துரையின் தகப்பனும் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் அவர்கள் குடியேறியவர்கள், நாங்கள் வந்த ஆக்கள். பொதுக்கூட்டத்தில் யாராவது, "தங்கராசாவுக்கும் ஒண்டைக் குடுத்தாலென்ன?" என்று கேட்பார்கள். தலைவர் அன்போடு சிரிப்பார். "அவர் உறுப்பினராய் இருக்கட்டும். சங்கம் எண்டா உறுப்பினரும் ஒராள் வேணும்தானே?"

அந்த ஒராள் நான்.

போன மாரியில் எனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. வயலுக்குள் வெறுங்காலோடு நின்றதில் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கண் மஞ்சளாகி, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தேன். அப்போது என் மனுசி ராஜினி வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். நான் எழும்பினால், வைகாசிப் பொங்கலன்று கோயிலுக்கு நடந்து போகிற சனத்துக்கு, வெயில் உச்சியில் நிற்கிற நேரம், நெஞ்சு குளிரக் குடிக்கக் கொடுக்கிறேன் என்று. நான் எழும்பிவிட்டேன். ஆகவே கொடுத்தாக வேண்டும். அன்றைக்குத் தவறினால் இன்னொரு வருடம் அம்மனுக்குக் கடன்காரனாக நடமாட வேண்டும். ராஜினியின் முகத்தைப் பார்த்தபடி ஒரு வருடம் நடமாடுவது அதை விடக் கஷ்டம்.

அவள் செய்கிற பானம் பெரிய வித்தை இல்லை. பற்றைக்குள் கிண்டிய நன்னாரி வேரைத் தட்டி அவித்து, மண்பானையில் ஆறவிட்டு, தேசிக்காய்ப் புளியும் இஞ்சிச் சாறும் சர்க்கரையும் கலந்து, நாலு துளசி இலையைக் கசக்கிப் போட்டு, மேலே ஊறின கசகசாவைத் தூவுவாள். குடித்தால் காது வரைக்கும் குளிரும். பிரச்சினை ஏனத்தில்தான் இருந்தது. அத்தனை சனத்துக்குக் கலக்க எங்களிடம் இருந்தது பிடி உடைந்த ஒரு நீல வாளி. அண்டா மாதிரிப் பெரிய கிடாரம் ஊரில் ஒன்றே ஒன்று. அது சங்கத்தின் கிடாரம்.

பொதுநோக்கு மண்டபத்துக் களஞ்சிய அறையில் அது இருக்கிறது. அறைக்கு மூன்று பூட்டு. முன்பொரு காலத்தில் ஓர் அகப்பை காணாமல் போனதிலிருந்து தலைவரிடம் ஒரு திறப்பு, செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. மூவரும் ஒரே நேரத்தில் கோபம் இல்லாமல் இருந்தால்தான் கதவு திறக்கும்.

"கிடாரத்தைத் தாங்கோ ஐயா, பொங்கலண்டு பின்னேரமே கழுவிக் கொண்டந்து வைச்சிடுறன்," என்று ஐயாத்துரையிடம் போய்க் கேட்டேன்.

அவர் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். இல்லை என்று சொல்வதை நாலு வாக்கியத்தில் சொல்லிப் பழகியவர். "கிடாரம் என்ரை இல்லைத் தம்பி. உம்மடையும் இல்லை. அது பொதுச்சொத்து. பொதுச்சொத்தை எடுக்கிறதெண்டா பொதுக்கூட்டம் வேணும்."

"தண்ணி கரைக்கிறதுக்குத்தானே ஐயா?"

"தண்ணி எண்டபடியாத்தான் சொல்லுறன். தண்ணி சனத்தின்ரை வயித்துக்குள்ளை போற சாமான். நாளைக்கு ஒண்டு நடந்தா, எந்தத் தீர்மானத்தின்படி குடிச்சது எண்டு கேப்பினம்."

கூட்டம் கூடியது. தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை. பிறகு செயலாளர் குகதாசன் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தார். அதற்கு முந்திய கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவி விடுவதற்கு முன்மொழிய வேண்டுமோ என்று பயந்து வாயை மூடினேன்.

கிடாரம் தரலாம் என்று முடிவாக அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் சங்கத்தின் கிடாரத்தில் தனியாளின் பானத்தைக் கரைக்க முடியாதாம். பானமும் சங்கத்தின் பானமாக இருக்க வேண்டுமாம். "ஆனபடியால், பானத்துக்குள்ளை என்னென்ன போடுறது எண்டதை இந்தச் சபை ஒவ்வொண்டாய்த் தீர்மானிக்கும்," என்றார் தலைவர்.

"தேசிக்காயை நான் முன்மொழியிறன்," என்று அவரே தொடங்கினார். அதை வழிமொழிய ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். தேசிக்காய் ஏகமனதாகத் தெரிவானது. சிலர் கைதட்டினார்கள்.

நான் எழும்பி, "நன்னாரி," என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நன்னாரியை வழிமொழிய ஆர்?"

மாதர் சங்கத் தலைவி விமலேஸ்வரி அக்கா கையைத் தூக்கப் பார்த்தா. குகதாசன் யாப்பைத் திறந்தார். "அக்கா, நீங்கள் பதவியிலை இருக்கிறீங்கள். ஒரு சாதாரண உறுப்பினரின்ரை பிரேரணையை இன்னொரு சாதாரண உறுப்பினர்தான் வழிமொழியலாம். பதவியிலை உள்ள ஆக்கள் செய்தா அது செல்வாக்குப் பாவிச்சதாய்ப் போயிடும்."

"இன்னொரு சாதாரண உறுப்பினர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உபதலைவர், உபசெயலாளர், உபபொருளாளர், அணித்தலைவர், உப அணித்தலைவர். மண்டபம் முழுக்கப் பதவி. மூலையில் படுத்திருந்த நாய்தான் மிச்சம்.

"அப்ப என்ரை மனுசி வழிமொழியட்டும்."

"ஒரு குடும்பத்துக்கு ஒரு அங்கத்துவம்," என்றார் குகதாசன்.

"நானே வழிமொழிஞ்சா?"

"நீர்தானே முன்மொழிஞ்சனீர்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் என் அறிவின்மை மேல் உண்மையான இரக்கம் இருந்தது.

நன்னாரி தோற்றது. அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். விமலேஸ்வரி அக்கா சூடு தணிய வெந்தயம் என்றா, நிறைவேறியது. மரண சகாய சங்கம் வேப்பம்பூ என்றது, நிறைவேறியது. கமக்காரர் அமைப்பின் தலைவர் நடராசா அண்ணை, அந்தப் போகம் விற்க முடியாமல் கிடந்த பாகற்காயை நினைத்துக்கொண்டு, "பாகற்காய்ச் சாறும் மூலிகைதானே?" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் கிடந்தது. விளையாட்டுக் கழகம் இளைஞர்களைக் கவரச் சிவப்புச் சோடா கேட்டது. சீனியா சர்க்கரையா என்பதில் கதிரைகள் நகர்ந்தன. கடைசியில் ஒற்றுமை கருதி இரண்டும், இனிப்பு கூடிவிடக்கூடாது என்பதற்காக உப்பும். தண்ணீரைத் தங்கள் குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றது குடிநீர்ச் சங்கம். குழாயில் தண்ணீர் வருவதில்லையே என்று யாரோ சொன்னார்கள். ஆகவே அது கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ராஜினி அவித்த நன்னாரியை வடித்துக்கொண்டிருந்தாள்.

"பாகற்காயோ?"

"ஓம்."

"சோடாவோ?"

"ஓம். சிவப்பு."

"உங்களைக் காப்பாத்தினது அம்மனோ சங்கமோ?" என்று கேட்டாள். "நீங்கள் அவையோடை போங்கோ. நான் வாளியைக் கொண்டு மதகடிக்குப் போறன்." மதகு எங்கள் ஊருக்கு அடுத்த வளைவில், மருதமர நிழலில் இருக்கிறது.

"அவை குறை நினைப்பினம், ராஜினி."

"நினைக்கட்டும். அதையும் ஆராவது வழிமொழிவினம்."

பொங்கலன்று விடியவே மண்டபத்தடிக்குப் போனேன். மூன்று திறப்பும் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. கதவு திறந்தது. கிடாரம் நாலு பேர் பிடித்துத் தூக்குகிற சாமான். எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"தூக்குங்கோ," என்றார் தலைவர் பொதுவாக.

ஒருவரும் அசையவில்லை. தூக்குவது யாருடைய கடமை என்று யாப்பில் முன்னமே தேடி வைத்திருக்கிறார்கள். தலைவர் தலைமை தாங்க வேண்டும், செயலாளர் அறிக்கை எழுத வேண்டும், பொருளாளர் பொருளைப் பாதுகாக்க வேண்டும், போசகர் ஆலோசனை சொல்ல வேண்டும். சங்கத்தின் பணிகளை நிறைவேற்றுவது உறுப்பினரின் கடமை. எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின.

எலிக்காய்ச்சலில் எழும்பிய உடம்போடு அந்தக் கிடாரத்தைச் சரித்து, விளிம்பில் உருட்டி உருட்டி, வீதியோரத் தண்ணீர்ப்பந்தலுக்குக் கொண்டு போனேன். "பக்கம் பாத்து! பெயின்ற் உரஞ்சுப்படும்! நன்கொடையாளரின்ரை பேர் முன்னுக்கு வரோணும்!" என்று போசகர் நல்லதம்பியர் கதிரையிலிருந்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். பாகற்காய் இடித்தேன். தேசிக்காய் பிழிந்தேன். சோடாப் போத்தல்களைத் திறந்து ஊற்றினேன். அகப்பைக்குப் பதில் துடுப்பால் துழாவினேன். குளத்து அடிச்சேறு கலங்கின நிறம் வந்தது. என்ன ருசி என்று எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. அம்மனுக்குப் படைக்கிறதை முன்னமே வாயில் வைத்துப் பார்ப்பது எங்களுக்குள் வழக்கம் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாச் சங்கமும் ஒற்றுமையாக நின்றது.

கிடாரத்தின் மேல் பட்டுத்துணி போர்த்தினார்கள். பிரதம விருந்தினர் வந்து திரைநீக்கம் செய்ய வேண்டும். மாவட்டத்தின் சுதேச பான ஊக்குவிப்பு இணைப்பாளர். அப்படி ஒருவர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அவர் வரவில்லை. வெயில் வந்தது. சனம் வந்தது.

தார் கொதிக்கிறது, வெறுங்காலோடு வருகிறார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பந்தலுக்குள் வந்தா. உதடு வெடித்திருந்தது. "ஓமந்தையிலயிருந்து நடந்து வாறம் தம்பி. ஒரு மிடறு தாங்கோ."

நான் துணியை விலக்கக் கை நீட்டினேன். குகதாசன் கையைப் பிடித்தார். "கொஞ்சம் பொறுங்கோ அக்கா. பொதுமக்களுக்கு வழங்குறது கடைசி நிகழ்ச்சி. அதுக்கு முதல் ஒம்பது நிகழ்ச்சி இருக்கு. அதிலை இருந்து பேச்சைக் கேளுங்கோ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் துடுப்பு கையில் இருந்தது ஆபத்து. அதைக் கீழே வைத்துவிட்டு அவவின் பக்கமாகக் குனிந்தேன். "இதிலை நில்லாதேங்கோ அக்கா. அடுத்த வளைவிலை மதகடி. அங்கை நீல வாளியோடை என்ரை மனுசி நிக்கிறா." அவ போனா. பின்னால் வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். பந்தலுக்குள் வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். பேச்சாளர்கள் வர வர, கேட்கிறவர்கள் குறைந்தார்கள்.

இணைப்பாளர் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பாண்ட் வாத்தியம், மாலை, மங்கள விளக்கு. காற்றில் விளக்கு மூன்று தரம் அணைந்தது, மூன்று தரமும் கைதட்டினார்கள். தலைவர் தலைமையுரைக்கு எழும்பினார்.

"இந்தப் பானத்தைக் கரைச்சது ஆர்? சங்கம்! தண்ணி அள்ளினது ஆர்? சங்கம்! எங்கடை சங்கத்திலை பேதம் இல்லை. இப்ப தங்கராசாவைப் பாருங்கோ. வந்த ஆக்கள்தான். ஆனா நாங்கள் ஒதுக்கினமோ? இல்லை. முழு வேலையையும் அவரிட்டைத்தான் குடுத்தனாங்கள்!"

பிறகு இணைப்பாளர். "அன்பார்ந்த மக்களே, நேற்றும் நான் ஒரு பானத்தைத் திறந்து வைத்தேன். முந்தநாளும் ஒன்று திறந்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் நான் இவற்றைக் குடிப்பதில்லை, எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. ஆனால் திறந்து வைப்பதில் ஒருநாளும் பின்நின்றதில்லை. மக்கள் தாகமாக இருக்கும்வரை என் பதவிக்கு வேலை இருக்கும்." இதற்குத்தான் பெரிய கைதட்டல் கிடைத்தது.

துணி விலகியது. அம்மன் படத்துக்கு ஒரு ரம்ளர் படைத்தார்கள். அடுத்ததைப் பிரதம விருந்தினரிடம் நீட்டினார்கள். கமரா முன்னால் நின்றது, தப்ப வழி இல்லை. ஒரு மிடறு குடித்தார். கண் இரண்டும் உள்ளே போய், கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தன.

"மிகவும் ஆழமான பானம்," என்றார். வாகனத்துக்கு அவர் போன நடையை ஓட்டம் என்றும் சொல்லலாம்.

பிறகு பதவி வரிசைப்படி வழங்கினார்கள். ஒரு பதவிக்கு ஒரு ரம்ளர். அதுவும் தீர்மானம்தான். உபசெயலாளர்கள் ஒன்றோடு தப்பினார்கள். நடராசா அண்ணைக்கு இரண்டு, குடித்துவிட்டுத் தன் பாகற்காயை ஒரு பார்வை பார்த்தார். ஐயாத்துரைக்கு மூன்று பதவி. மூன்றாவதைக் குடித்த பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் மதகுப் பக்கமாக வேகமாக நடந்து போனார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மீசையில் கசகசா ஒட்டியிருந்தது. ஒலிவாங்கியை வாங்கினார். என்ன தோன்றியதோ, ஏதோ மனச்சாட்சி குத்தியிருக்க வேண்டும். "இண்டைக்கு இவ்வளவு பாடுபட்ட தங்கராசாவைச் சங்கம் மறக்காது. இந்த நிமிசத்திலயிருந்து அவர் எங்கடை சங்கத்தின்ரை போசகர்!"

முன்மொழிந்தது அவர், வழிமொழிந்தது ஊர். என் தோளில் பொன்னாடை விழுந்தது. இத்தனை வருடம் நான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த சாமான் அது. தோளில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. அதை நினைக்கத்தான் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உடனே குகதாசன் ஒரு ரம்ளரை நீட்டினார். "போசகருக்கு ஒண்டு." குடித்தேன். எலிக்காய்ச்சல் பரவாயில்லை.

பொழுது பட்டது. கிடாரம் கழுத்து மட்டும் நிறைந்து நின்றது. ஊற்றிக் கழுவி உள்ளே வைக்க வேண்டும். நான் பொன்னாடையை மடித்துக்கொண்டு குனிந்தேன்.

"ஐயோ, விடுங்கோ!" என்று குகதாசன் பதறினார். முதல் தடவையாக என்னிடம் நீங்கள், வாங்கோ, போங்கோ. "போசகர் கிடாரம் தூக்கிறதோ? சங்கத்தின்ரை மரியாதை என்னாகிறது?"

"அப்ப ஆர் தூக்கிறது?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட்டத்தன்று பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அது என்னில் வந்து நிற்கவில்லை, நிற்க இடம் இல்லாமல் சுற்றிச் சுற்றிப் போனது. கடைசியில் நல்லதம்பியர் கதிரையை விட்டு எழும்பி, "உறுப்பினர் ஒராளைச் சேர்க்கிறதுக்கு அடுத்த கூட்டத்திலை தீர்மானம் போடுவம்," என்று ஆலோசனை சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கிடாரம் வீதியோரத்தில் நின்றது. ஒரு மாடு வந்து மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

நான் வீட்டுக்குப் போனபோது ராஜினி முற்றத்தில் கால் நீட்டி இருந்தாள். முகம் கறுத்துக் களைத்திருந்தது, ஆனால் நான் ஆஸ்பத்திரியால் வந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு நிறைவை அதில் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் குடுத்தனீரோ?"

"ஓம். அந்த ஓமந்தைப் பிள்ளை, கைக்குழந்தையோடை வந்தவ, உங்கடை பேரைக் கேட்டு அம்மனிட்டைச் சொல்லுறன் எண்டு போனவ. நேர்த்தி முடிஞ்சுது."

தொண்டைக்குள் இன்னும் பாகற்காயும் சோடாவும் நின்றன. "எனக்கொரு ரம்ளர் வைச்சிருக்கிறீரோ?"

"வைச்சிருந்தனான். மூண்டு ரம்ளர், உங்களுக்கெண்டே வாளிக்கு அடியிலை விட்டு மூடி வைச்சனான். உங்கடை தலைவர் ஓடி வந்து மூண்டையும் குடிச்சிட்டுப் போட்டார். நாக்கை வெளியாலை விட்டுக்கொண்டு வந்த ஆளுக்கு இல்லை எண்டு சொல்லேலுமே?" அப்போதுதான் என் தோளைப் பார்த்தாள். "இதென்ன?"

"பொன்னாடை. என்னைப் போசகராக்கிப் போட்டினம்."

அதை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். "போசகர் ஐயா, அந்த வாளியைக் கழுவிக் கவிட்டு வையுங்கோ."

பொன்னாடை நனைந்துவிடும் என்று கழற்றிக் கொடியில் போட்டேன். பிடி உடைந்த வாளி, அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டு போனேன். உள்ளே சுவரோரமாகக் கொஞ்சம் கசகசா ஒட்டியிருந்தது, நன்னாரி மணத்தோடு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அதை விரலால் வழித்து நக்கினேன்.